இடது, வலது, இரண்டும்

பள்ளிக்கூடத்து டேப்லெட்டில் இருந்தவை இருநூற்றுப் பதினான்கு படங்கள். கேபிளைச் செருகிக் கம்ப்யூட்டரோடு சிங்க் செய்து முடித்தபோது அவை நானூற்று இருபத்தெட்டு ஆகியிருந்தன. அவன் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த மாதிரிச் சில்லறைத் தொல்லை தராத கம்ப்யூட்டரை அவன் தன் பதினோரு வருஷ வேலையில் பார்த்ததே இல்லை. கூடுதலாக வந்தவற்றை மொத்தமாகப் பிடித்து டெலிட் செய்தான். மறுபடி சிங்க் செய்தான். மறுபடி நானூற்று இருபத்தெட்டு. மூன்றாம் தடவை கேபிளையே மாற்றிப் பார்த்தான். பச்சைக் கோடு ஆற அமர ஊர்ந்து போய், கடைசியில் 'டிங்' என்று ஒரு சின்னச் சத்தம் எழுப்பி, அதே நானூற்று இருபத்தெட்டைக் கொண்டுவந்து நிறுத்தியது. அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒன்றிலிருந்து ஐந்து வரை வகுப்புகள். கம்ப்யூட்டர் என்று இருந்தது ஒன்று, கம்ப்யூட்டர் சார் என்று இருந்ததும் இவன் ஒருவன். ஆபீஸுக்கும் ஒன்றாம் வகுப்புக்கும் நடுவே வெறும் பலகைத் தடுப்பு. அதனால் வாய்ப்பாடு, அழுகை, பென்சில் திருட்டு வழக்குகள், மிஸ் மேசையைத் தட்டும் சத்தம் எல்லாம் நாள் முழுக்க அவன் காதுக்குள்தான் நடக்கும். அங்கே ஒரு பிள்ளைக்கு மூன்று வாரமாக விடாத இருமல். அது இருமும்போதெல்லாம் தடுப்புப் பலகை லேசாக அதிரும். அறையில் சுண்ணாம்புத் தூளும் சூடான பிரிண்டரும் மூடிவைத்த சாப்பாட்டு டப்பாக்களும் கலந்த ஒரு வாடை எப்போதும் நிற்கும். டேப்பை யாரோ ஒரு பொடிசு போன வருஷம் கீழே போட்டதில் திரையின் இடது ஓரம் செத்துப்போயிருந்தது. அந்தப் பக்கம் விரல் வைத்தால் நாலு தடவைக்கு ஒரு தடவைதான் எடுக்கும். புது டேப் கேட்டு எழுதிய மனுவும் செத்துப்போயிருந்தது.

படங்கள் பிள்ளைகளின் அடையாள அட்டைக்கானவை. செவ்வாய்க்கிழமை எடுத்தார்கள். அன்று அவன் லீவு. மகளுக்குக் காய்ச்சல் அனலாகக் கொதித்தது. மனைவிக்கு மருந்துக்கடையில் லீவு கிடைக்காததால் அவன்தான் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் துணி போட்டுக்கொண்டிருந்தான். எனவே டிராயிங் மாஸ்டர் டேப்பை வாங்கி, சுவரில் நீலத்திரை கட்டி, ஒவ்வொரு வகுப்பாக வரிசையில் நிறுத்தி எடுத்து முடித்தார். மகளும் அதே பள்ளியில் மூன்றாம் வகுப்பு. பள்ளி முழுக்க அவளுக்கு வாலு என்றுதான் பெயர், அந்தப் பெயரை அவள் உழைத்துச் சம்பாதித்திருந்தாள். புதன்கிழமை காய்ச்சல் விட்டது, ஆடிக்கொண்டிருந்த முன்பல்லும் விழுந்தது. அன்று சாயங்காலம் அவன் டேப்பை வீட்டுக்குக் கொண்டுபோய், சமையலறை வெள்ளைச் சுவருக்கு முன்னால் அவளை நிறுத்தி ஒரு படம் எடுத்தான். சிரிக்காதே என்று சொன்னதுதான் தாமதம், ஓட்டைப்பல் தெரிய ஒரு சிரிப்பு. இன்று வியாழன். வாலு வகுப்புக்கு வந்துவிட்டாள்.

மூன்றரைக்குள் படங்கள் அட்டை அச்சடிக்கும் பிரஸ்ஸுக்குப் போக வேண்டும் என்று தலைமையாசிரியை காலையிலேயே சொல்லிவிட்டார். படத்தில் எந்தப் பிள்ளையும் கண் மூடியோ காலர் கோணலாகவோ இருக்கக் கூடாது என்பதும் உத்தரவு. அவர் கையில் இருந்தால் பிள்ளைகளையே இஸ்திரி போட்டு அடுக்கிவைத்துவிடுவார்.

அவன் போய் டிராயிங் மாஸ்டரைப் பிடித்தான். ஒவ்வொரு பிள்ளையையும் இரண்டு தடவை எடுத்துத் தொலைத்தாரா என்று கேட்டான்.

"ஒரு பிள்ளைக்கு ஒண்ணுதான் எடுத்தேன் சார். இருநூத்துப் பதிமூணு பேரை நிக்க வச்சதே பெரும்பாடு. இதுல ரெண்டாவது ரவுண்டு வேறயா?"

அவர் முகத்தில் பொய் இல்லை. ஆனால் மனிதருக்கு ஞாபகமறதி உண்டு என்பது ஊரறிந்த விஷயம். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தான்.

மொத்தமாக அழித்தால் வேலைக்காகாது என்று தெரிந்துபோயிற்று. ஒப்பிட்டு அழிக்கும் ப்ரோக்ராம் ஒன்று கம்ப்யூட்டரில் இருந்தது. அதைத் திறந்தான். இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கீழே ஒரு வரி காட்டியது: 'இவை ஒன்றே எனத் தோன்றுகிறது. எதை வைத்துக்கொள்வது?' அதற்கும் கீழே மூன்று பொத்தான்கள். இடது. வலது. இரண்டும்.

முதலில் வந்தது படமல்ல, பாட்டு. ஆண்டு விழாவுக்காகப் பாட்டு மிஸ் போன வாரம் இதே டேப்பில் பதிந்தது. மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் சேர்ந்து பாடும். முதல் வரி மட்டும் வாலு தனியாக. பதியும்போது நடுவில் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து, அது அடுத்தவளுக்குத் தொற்றி, பாதி வரிசை குலுங்கியது. அவன் இடதுபக்கத்தை ஓடவிட்டான். சிரிப்பு இருந்தது. வலதுபக்கத்தை ஓடவிட்டான். அதே பாட்டு, அதே நீளம், பின்னால் அதே மின்விசிறியின் கிறீச். சிரிப்பு மட்டும் இல்லை. மிஸ் மறுபடி பதிந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு 'வலது' என்று அழுத்தினான்.

அடுத்து ஒன்றாம் வகுப்பு. இப்போதுதான் அவன் படங்களை உற்றுப் பார்த்தான். அவை நகல்களே இல்லை. இடதுபக்கத்துப் பிள்ளைக்குக் கண் பாதி மூடியிருந்தது. வலதுபக்கம் அதே பிள்ளை, அதே நீலத்திரை, கண் நன்றாகத் திறந்திருந்தது. இடதுபக்கம் மூக்கு ஒழுகியது, வலதுபக்கம் துடைத்திருந்தது. இடதில் கலைந்த தலை, வலதில் வகிடு. அப்படியானால் டிராயிங் மாஸ்டர் இரண்டு ரவுண்டு எடுத்துவிட்டு மறந்துதான் போயிருக்கிறார். ஒருபக்கம் எரிச்சல் வந்தாலும் இன்னொருபக்கம் நிம்மதியாக இருந்தது. தலைமையாசிரியை கேட்ட மாதிரியே ஒரு செட் தானாகக் கிடைத்துவிட்டதே. அவன் வலது, வலது, வலது என்று தட்டிக்கொண்டே போனான். முப்பத்தொன்பது ஜோடி முடிந்தது. பச்சைக் கோடு ஊர்ந்தது. டிங்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவனுக்கு உறைத்தது. பக்கத்தில் இருமல் நின்றிருந்தது.

இருமல் மட்டுமல்ல, பெஞ்சு இழுபடும் சத்தமும், 'மிஸ் இவன் கிள்றான் மிஸ்' என்ற பிராதும், எப்போதும் தரையில் உருளும் ஏதோ ஒரு பாட்டில் மூடியும். அவன் தடுப்பின் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தான். முப்பத்தொன்பது பிள்ளைகளும் கைகட்டி நேராக உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் காலரும் மடிப்புக் கலையாமல் இருந்தது. மிஸ் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த மந்திரம் பலித்தது என்று தெரியாதவராக, கொஞ்சம் பயந்தவராக, அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்ஷன் ஏதாவது வந்திருக்கும் என்று அவன் மறுபடி நாற்காலிக்கு வந்தான். இரைச்சல் இல்லாமல் வேலை பார்ப்பது நன்றாகத்தான் இருந்தது.

நாற்பதாவது ஜோடியில் ப்ரோக்ராம் கேட்டது: 'நீங்கள் எப்போதும் வலதையே தேர்ந்தெடுக்கிறீர்கள். இனி அப்படியே வைத்துக்கொள்ளட்டுமா?' இவ்வளவு புத்தி இருந்ததை முதலிலேயே காட்டியிருந்தால் விரல் தப்பித்திருக்குமே என்று திட்டிக்கொண்டே கட்டத்தில் டிக் செய்தான். இரண்டாம் வகுப்பு ஒரே தட்டில் போயிற்று. நான்காம் வகுப்பு போகும்போது அடுத்த இம்சை: 'இடம் போதவில்லை.' அழித்த படங்கள் எல்லாம் குப்பைத்தொட்டியில் கிடந்து இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. காலையில் மொத்தமாக அழித்ததும் அங்கேதான் கிடந்தது. நிரந்தரமாக அழிக்கலாமா, திரும்பப் பெற முடியாது என்று அது கேட்டது. "எழவு, காலி பண்ணித் தொலை" என்று வாய்விட்டே சொல்லி அழுத்தினான்.

காகிதம் கசங்கும் சத்தம் வரும், அவனுக்குத் தெரியும். ஒரு நொடிக்குத்தான் வரும். இன்று அது நிற்காமல் வந்தது. கசங்கிக் கசங்கி, மெல்லியதாகி, முடியும் இடத்தில் வேறு ஏதோ மாதிரிக் கேட்டது. ரொம்ப தூரத்தில் ஒரு குழந்தை இரண்டு தடவை இருமியது போல. அவன் ஸ்பீக்கரின் ஒயரைத் தட்டிவிட்டான். நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் போயின. மூன்றாம் வகுப்பை மட்டும் கடைசிக்கு வைத்தான், வாலுவின் படம் தனியாக எடுத்துச் சேர்த்தது என்பதால்.

சாப்பாட்டு மணி அடித்தது. வழக்கமாக அந்த மணியோடு கட்டிடமே இடிந்து விழுகிற மாதிரி ஒரு கூச்சல் கிளம்பும். இன்று அதில் ஐந்தில் ஒரு பங்குதான் கேட்டது. மூன்றாம் வகுப்பின் பங்கு. மற்றதெல்லாம் காலடிச் சத்தம் மட்டும். மணி அடித்துவிட்டுப் பியூன் அண்ணன் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். கையில் சுத்தியல் அப்படியே இருந்தது.

"சார், தண்ணிக் குழாய்கிட்ட ஒருத்தரும் தள்ளிக்கலை. வரிசையா வந்து, குடிச்சிட்டு, வரிசையாப் போறாங்க. மூணாம் கிளாஸ் மட்டும்தான் பிள்ளைங்க மாதிரி இருக்கு."

தலைமையாசிரியை இன்று காலைப் பிரார்த்தனையில் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசினாரே, அதன் பலனாக இருக்கும் என்று அவன் சொன்னான். அண்ணன் அதை நம்பினாரா தெரியவில்லை. சுத்தியலை மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு போனார்.

ஒன்றரை மணிக்குப் பாட்டு மிஸ் வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நான்காம் வகுப்பைப் பாடவைத்துப் பார்த்தாராம். ஒருத்தரும் சுருதி விலகவில்லையாம். ஒரே நேரத்தில் மூச்சு எடுத்தார்களாம், ஒரே நேரத்தில் விட்டார்களாம்.

"நல்லாத்தான் இருக்கு சார். குறை சொல்ல முடியாது. ஆனா நான் நிறுத்துங்கன்னு சொன்னப்புறம் எல்லாரும் வாயைத் திறந்தபடியே இருந்தாங்க. மூடச் சொல்ற வரைக்கும்."

போன வாரம் பதிந்த பாட்டை மறுபடி பதிந்தாரா என்று கேட்டான். இல்லையே, அந்தச் சிரிப்போடுதான் இருக்கிறது, ஆண்டு விழாவுக்கு முன்னால் மறுபடி பதிய வேண்டும் என்றார் மிஸ். போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போனார். அந்தக் கதவை யாரும் சாத்துவதே இல்லை.

அவன் குப்பைத்தொட்டியைத் திறந்தான். காலி. திரும்பப் பெறும் வழி ஏதாவது இருக்கிறதா என்று தேடினான். இல்லை. இது என்ன பைத்தியக்காரத்தனம், படத்தை அழித்ததற்கும் பிள்ளைகள் ஒழுங்காக உட்கார்ந்ததற்கும் என்ன சம்பந்தம் என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டான். மேசையில் இன்டர்காம் அலறியது. மணி மூன்றரையாகப் போகிறது, பிரஸ்காரர்கள் இரண்டு தடவை கேட்டுவிட்டார்கள், ஒரு சின்ன வேலையை முடிக்க எத்தனை நாள் வேண்டும் என்று தலைமையாசிரியை கடுகடுத்தார். எல்லாம் முடிந்தது மேடம், இன்னும் ஒரே ஒரு வகுப்பு என்று அவன் சொன்னான். வாய் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பதினோரு வருஷப் பழக்கத்தில், கை மூன்றாம் வகுப்பு ஃபோல்டரைத் தட்டிவிட்டது.

டிக் செய்த கட்டம் டிக் ஆகியே இருந்தது.

முகங்கள் சர்சர்ரென்று ஓடின. வலது, வலது, வலது. அவன் ரிசீவரைப் போட்டுவிட்டு நிறுத்தும் பொத்தானைத் தேடினான். நாற்பத்திரண்டு ஜோடியில் நாற்பத்தொன்று போய்விட்டன. கடைசி ஜோடியில் அது தானே நின்றது. 'பின்னணி வேறுபடுகிறது. நீங்களே தேர்ந்தெடுக்கவும்.'

முற்றத்துக்கு அந்தப் பக்கம் மூன்றாம் வகுப்பின் இரைச்சல் இருந்தது. டிங் என்றது. இல்லை.

ஒரு குரல் மட்டும் மிச்சம் இருந்தது.

"ஏண்டி பேச மாட்டேங்கிற?" வாலுவின் குரல். "கோவமா? நான் என்ன பண்ணேன்? ஏய், இங்க பாரேன். நீயாவது சொல்லுடா. மிஸ், இவங்கல்லாம் ஏன் மிஸ் இப்படிப் பார்க்கிறாங்க?"

அவன் திரையைப் பார்த்தான்.

இடதுபக்கம் வாலு. வெள்ளைச் சுவர், ஓட்டைப்பல், ஒரு பக்கம் அவிழ்ந்த பின்னல். அவன் எடுத்த படம்.

வலதுபக்கமும் வாலு. நீலத்திரை. இறுக்கிப் பின்னிய இரட்டைப் பின்னல். கடைசிப் பட்டன் வரை போட்ட சட்டை. மூடியும் மூடாமலும் ஒரு சிரிப்பு. அதில் முன்பல் முழுசாக இருந்தது.

படத்தின் தேதி செவ்வாய்க்கிழமை. மணி பதினொன்று இருபது.

செவ்வாய்க்கிழமை பதினொன்று இருபதுக்கு வாலு அவன் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். நிச்சயமாகத் தெரியும். இருந்தும் மனைவிக்குப் போன் போட்டான். செவ்வாய்க்கிழமை பாப்பா பத்து நிமிஷத்துக்காவது பள்ளிக்கூடம் வந்தாளா என்று கேட்டான்.

"என்னங்க ஆச்சு உங்களுக்கு? நூத்து மூணு காய்ச்சல்ல கிடந்தவ எப்படி வருவா? நீங்கதானே பக்கத்துலயே இருந்தீங்க." கொஞ்சம் நிறுத்தி, "அவ நல்லா இருக்கா இல்ல?" என்று கேட்டாள்.

நல்லா இருக்கா என்றான்.

மவுஸை 'இடது' மேல் கொண்டுபோனான். அழுத்தப் போனான். விரல் நின்றுவிட்டது. இடதை வைத்துக்கொண்டால் வலது அழியும். அழிவதும் அதே முகம்தான். காதோரத்து மச்சம் அதிலும் இருந்தது. இந்தச் சனியன் பிடித்த ப்ரோக்ராம் இரண்டும் ஒன்றே என்கிறது. இன்று இது அழித்தது எதுவும் திரும்பி வரவில்லை. ஒருவேளை தப்பாக அழுத்திவிட்டால்? ஒருவேளை பக்கம் மாறியிருந்தால்? பெற்ற மகள் முகத்தை, அது எந்த முகமாக இருந்தாலும், குப்பையில் போட எந்த அப்பனுக்குக் கை வரும்?

அவனுக்கு வரவில்லை. 'இரண்டும்' என்று அழுத்தினான்.

கோடு ஊர்ந்தது. டிங்.

முற்றத்துக்கு அந்தப் பக்கம் வாலு இன்னும் கேட்டுக்கொண்டிருந்தாள். "யாராவது பேசுங்களேன்."

பதில் வந்தது. என்ன பதில் என்று கேட்கவில்லை. ஆனால் யாரோ பேசினார்கள். வாலு சிரித்தாள். பதிலுக்கு இன்னொரு சிரிப்பு. அப்பாடா என்று அவனுக்கு மூச்சு வந்தது. ஒரு பிள்ளையாவது பேசுகிறதே.

அந்த இரண்டாவது சிரிப்பும் வாலுவினுடையது.

படங்கள் தானாகவே பிரஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தன. அவன் கேபிளைப் பிடுங்கி, டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினான். கேபிளைப் பிடுங்கினால் எல்லாம் நிற்கும் என்று நினைத்தான். அந்த டேப்பை வைஃபையில் போட்டதே அவன்தான் என்பது முற்றத்தில் பாதி ஓடிய பிறகுதான் ஞாபகம் வந்தது. அதற்குள் தலைமையாசிரியை வழிமறித்தார். அவர் முகத்தில் இத்தனை வருஷத்தில் அவன் பார்க்காத பூரிப்பு. கூடச் சேர்ந்து பார்க்கச் சொல்லி அவனைக் கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டார். ஒவ்வொரு வகுப்பு ஜன்னலையும் காட்டினார். இப்படி ஒரு பள்ளிக்கூடத்தைத்தான் தான் கேட்டதாகச் சொன்னார். அவன் என்ன சொல்லியும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்புறம் விடும் மணி அடித்தது.

ஒருத்தரும் ஓடி வரவில்லை.

இரண்டிரண்டாக வந்தார்கள். ஒரே காலை எடுத்து, ஒரே காலை வைத்து. இருநூறு ஜோடி ஷூவும் ஒரே சத்தம். வகிடெடுத்த தலைகள். துடைத்த மூக்குகள். நன்றாகத் திறந்த கண்கள். யாரும் கண் சிமிட்டவில்லை.

கேட்டுக்கு வெளியே காத்திருந்த தாய்மார்களின் பேச்சு ஒவ்வொன்றாக நின்றது. ஓர் அம்மா மட்டும் மண்டியிட்டுத் தன் மகனின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இருமலே இல்லையே கண்ணு, எப்படிச் சரியாச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பையன் அசையாமல் கைகட்டி நின்றான்.

நான்கு மணிக்குத் தானாகப் போடும்படி வைத்திருந்த ஆண்டு விழாப் பாட்டு ஒலிபெருக்கியில் ஆரம்பித்தது. முதல் வரி. வாலுவின் குரல், தனியாக. இல்லை. தனியாக இல்லை. ஒன்றின் மேல் ஒன்றாக, இம்மியும் பிசகாமல், இரண்டு.

"அப்பா!"

இடதுபக்கமிருந்து வந்து அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். அவிழ்ந்த பின்னல். ஓட்டைப்பல். முழங்காலில் புழுதி. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. அவன் பார்த்ததெல்லாம் அவளைத்தான், அவள் தலையைத்தான், அவள் புழுதியைத்தான்.

"அப்பா, இன்னிக்கு கிளாஸ்ல எல்லாரும் ஊமையாயிட்டாங்கப்பா. ஒருத்தி மட்டும்தான் பேசினா. புதுசா வந்திருக்கா. என்னை மாதிரியே இருக்காப்பா. நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாமா?"

வலதுபக்கம் யாரோ அவன் கையைப் பிடித்தார்கள்.

சின்னக் கை. சுத்தமான கை. சோப்பு வாடைகூட இல்லாத அளவுக்குச் சுத்தம். இரட்டைப் பின்னல். கடைசிப் பட்டன். அவள் அவனைப் பார்க்கவில்லை. அவனைத் தாண்டி, வாலுவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஓட்டையை.

இடது கையில் இருந்த டேப் ஒளிர்ந்தது.

'இடம் போதவில்லை. ஒன்றை மட்டுமே வைத்துக்கொள்ள முடியும்.'

இடது. வலது. மூன்றாவது பொத்தான் இல்லை.

'தேர்ந்தெடுக்காவிட்டால் வழக்கம்போல வலது வைத்துக்கொள்ளப்படும்.' கீழே எண்கள். இருபது. பத்தொன்பது.

வலது கையை உருவினான். வரவில்லை. எட்டு வயதுப் பிடி இல்லை அது. இடது கட்டைவிரலை நீட்டித் திரையின் இடது ஓரத்தில் அழுத்தினான். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. செத்த ஓரம். பதினாலு. விரல் வியர்வையில் வழுக்கியது. சட்டையில் துடைத்து மறுபடி. பன்னிரண்டு. "எடு, எடு, எடு" என்றான்.

"யாரைப்பா எடுக்கச் சொல்றீங்க?" என்றாள் வாலு.

வலதுபக்கத்தவள் அவனைப் பிடிக்காத மற்றக் கையைத் தன் வாய்க்குள் விட்டாள். முன்பல்லைப் பிடித்தாள். முகம் சுளிக்கவில்லை. ஒரு திருகு. ஈரமான ஒரு சின்னச் சத்தம். ஏழு. அதை எடுத்து அவன் வலது உள்ளங்கையில் வைத்து, அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள். சூடாக இருந்தது.

நாலு. அழுத்தினான். மூன்று. அழுத்தினான்.

"அப்பா, இவளுக்கு ரத்தம் வருதுப்பா, அம்மாகிட்ட சொல்லி மருந்து—"

டிங்.

பாட்டு நின்றது. அவ்வளவு நேரம் இழுத்துப் பிடித்திருந்த சட்டை நுனி தளர்ந்து அவன் தொடையில் வந்து விழுந்தது. இடதுபக்கம் திரும்ப அவனுக்குத் தைரியம் இல்லை. முன்னால் இருநூறு பிள்ளைகளும் நின்று அவனையே பார்த்தார்கள்.

வலது கையை யாரோ மெல்ல ஆட்டினார்கள். அவன் குனிந்தான். அவள் அண்ணாந்து, வாயை நன்றாகத் திறந்து, ஓட்டையைக் காட்டினாள். அவள் பின்னலில் ஒரு பக்கம் மெதுவாக, தானாக, அவிழ்ந்துகொண்டிருந்தது.

"இப்ப சரியா இருக்காப்பா?"